இல்லறத்தான் கற்குங் கல்வி

கல்விக்குரிய பருவம் இளமை என்பதும், இல்லறத்துக்குரிய பருவம் அதற்குப் பின்னது என்பதும் நம் முன்னோர் வகுத்த முறை. ஆசிரியனிடத்தே கற்று முடித்து, அதன்பின் மனைவியை ஏற்று, மக்களைப் பெற்றுப் பொருளீட்டி வாழ்தலே ஒழுங்கெனப்படும். இம்முறை பிழையென்று கூற யாம் வந்திலேம். ஆயினும், இம்முறைப்படி வாழ்வதற்கு ஒருவனுக்கு உரிய காலத்திற் பள்ளிக்கூடம் வாய்த்திருத்தல் வேண்டும். அது வாய்க்காதவன் யாது செய்வான்? இருபத்தாறு, இருபத்தேழு வயதில், ஒரு குழந்தைக்குத் தந்தையாய், ஒரு தொழிலிலும் அமர்ந்து, கல்லூரிப் படிப்பையும் மேற்கொண்டவன் தன் கடமைகளுள் எதனை முன்வைப்பான், எதனைப் பின்வைப்பான்? இவ்வினாவை ஆசிரியராயுள்ளோர் ஆராய்தல் தகும். என்னை? இங்ஙனங் கற்போருட் பலர் ஆசிரியத் தொழிலிலேயே இருக்கின்றனர். ஏனையோர் நம் மாணாக்கராயிருந்து போனவர்.

யட்டியாந்தோட்டைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கேகாலை மாவட்டத்திலே, களனி கங்கையை அடுத்து, அவிசாவளையினின்று அட்டனுக்கு ஏறுஞ் சாலையில் உள்ளது இவ்வூர். சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். மேலே செல்லச் செல்லத் தேயிலை. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு அன்று அது எட்டவில்லை. அவை தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டுப் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பளவில் நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டமோ இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியில், அப்பாடசாலைகளை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியது. ஏனையோருக்கு ஒரு தலைமுறை முந்திக் கிடைத்த படிக்கட்டு இவர்களுக்கு முப்பதாண்டு பிந்திக் கிடைத்தது. ஆதலின், வீட்டில் மூத்த பிள்ளை இடையிற் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போவதும், தம்பி தங்கையர் தலையெடுத்தபின் மீண்டு வந்து பரீட்சை எழுதுவதும் இங்கே புதுமையல்ல. கற்று முடித்தபின் மணஞ்செய்க என்று அவனுக்குச் சொல்வது, மழை பெய்து ஓய்ந்தபின் விதைக்கச் சொல்வதை ஒக்கும்.

இனி, 2014, 2015ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததொன்றை நினைவுகூர்வோம். தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்க் குறையை நீக்குதற்பொருட்டு, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய மூவாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞரும் யுவதியரும் ஆசிரிய உதவியாளராகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்க்குத் திங்களொன்றுக்கு 6000 ரூபா கொடுப்பனவு. பின்னர் அது 10000 ரூபா ஆயிற்று. பயிற்சி முடித்தாலன்றி ஆசிரியர் சேவையிற் சேர்க்கப்படார் என்பது நிபந்தனை. அக்காலத்துத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 450 ரூபா. பதினான்கு நாள் பால்வெட்டிய ஒருத்தி 6300 ரூபா பெறுவாள். கரும்பலகையின் முன்னே நின்று நாற்பது பிள்ளைகட்கு எழுத்தறிவித்த கணவன் ஒரு திங்களிற் கொண்டுவந்தது, இறப்பர் மரத்தடியில் நின்ற மனைவி பதினான்கு நாளிற் கொண்டுவந்ததினுங் குறைவு. இக்கணக்கை மறவாதிருத்தல் வேண்டும். அவன் கற்ற ஆண்டுகளில் அவ்வீட்டின் அடுப்பை எரித்தது எவருடைய கை என்பதனை இது காட்டும்.

அவ்விளைஞனுடைய நாள் கழியுமாற்றையும் நோக்குவோம். விடியுமுன் மனைவி எழுந்து ரொட்டி சுட்டு வைத்துப் பிரட்டுக்குப் புறப்படுகின்றாள். பால்வெட்டு வெயிலேறுமுன் நடைபெறவேண்டிய தொழில். பிந்திப் போனால் மரம் பால் தாராது, கணக்கப்பிள்ளையும் அரைப்பேர் போடுவார். ஆதலாற் குழந்தையை எழுப்பி முகங்கழுவிப் பிள்ளைக்காம்பராவிற் கொண்டுபோய் விடுவது தந்தையின் பங்கு. அங்கிருந்து இறங்கிப் பஸ்ஸைப் பிடித்துப் பாடசாலை. மாலையிலே திரும்பினால், தண்ணீர்க் குழாயடியில் ஒரு வரிசை. விறகு ஒரு சுமை. இராக்காலத்திலே லயத்துக் காம்பராவிற் படிக்க அமர்ந்தால், ஒற்றை விளக்கு. விளக்கெரிந்தாற் குழந்தை உறங்காது. அணைத்தாற் பாடம் நடவாது. சிலர் விளக்கைச் சுற்றிப் பழைய சேலைத் துண்டொன்றைக் கட்டி வெளிச்சத்தைப் புத்தகத்தின்மேல் மாத்திரம் விழச்செய்வர். கொட்டகலையிலுள்ள அரசினர் ஆசிரியர் கலாசாலைக்குப் பயிற்சிக்கென்று போனாலோ, கித்துல்கலையும் கினிகத்தனையும் கடந்து மலையேறவேண்டும். நாட்கணக்காக வீட்டைப் பிரிதலும் உண்டு. வேலையிலிருந்தவாறே கற்பார்க்கென 1980இல் அமைந்த திறந்த பல்கலைக்கழகத்திற் பதிந்துகொண்டவனுக்குத் தொலைவு ஓரளவு குறையும். ஆனால் ஓய்வுநாள் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே குழந்தை தகப்பனைப் பகலிற் காணும் நாளாயின், அந்நாளையும் வகுப்புக் கொண்டுபோய்விடும்.

இத்தகையோரைக் காணும் பெரியோர் பலர், "குடும்பம், தொழில், கல்வி மூன்றையும் சமன்செய்து நடத்துக" என்று அறிவுரை கூறுவர். இவ்வுரை கேட்பதற்கு இனிது. ஆயினும் இதனுள்ளே ஒரு பிழை மறைந்து கிடக்கின்றது. சமன்செய்தல் தராசுக்காரன் தொழில். தட்டில் இடப்படுவன யாவும் இடுபவனுக்கே உரியனவாயின், அவன் ஒரு தட்டினின்றும் எடுத்து மற்றொன்றிற் போடலாம், கேட்பாரில்லை. இங்கே கல்வித் தட்டில் இடப்படும் இரண்டு மணிநேரம் எவருடையது? அவன் விறகு பிளக்காத இரண்டு மணிநேரம் அது. விறகு பிளக்கப்படாதிருப்பதில்லை, வேறொருத்தி பிளக்கின்றாள். அவன் குழந்தையோடு பேசாத இரண்டு மணிநேரமும் அதுவே. ஆகவே, அவன் தன் பொருளைத் தானே நிறுத்துக்கொள்கின்றானல்லன். பிறர் பொருளை வாங்கிச் செலவிடுகின்றான். இது துலாக்கோலின் வழக்கன்று. கடன் வாங்குவோன் வழக்கு.

இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால், தியாகம் என்னுஞ் சொல்லை நாம் இத்துணை எளிதில் வழங்கமாட்டோம். பரிசளிப்பு விழாக்களில், "குடும்பச் சுமையையும் தாங்கித் தியாகஞ்செய்து படித்தார்" என்று அவ்விளைஞனை மேடையிற் புகழ்வது வழக்கமாயிருக்கின்றது. அவன் உறக்கத்தை விட்டான் என்பது உண்மையே. அதற்குரிய புகழ் அவனுக்கு ஆகுக. ஏனையவை விடப்பட்டது அவன் கையினின்றன்று. துறவி தன் பற்றை விட்டுக் கற்கின்றான்; இழப்பவனும் அவனே. இல்லறத்தான் கற்கும்போது இழப்பவர் பிறரும் உளர். துறவிக்குரிய புகழ்மொழியை இல்லறத்தானுக்கு அப்படியே எடுத்துச் சூட்டுதல் பொருந்தாது.

அற்றேல், மனைவி மனமுவந்தன்றோ கொடுக்கின்றாள், உவந்து கொடுத்தது கொடையாகுமேயன்றிக் கடனாவது எங்ஙனம் எனின், கூறுதும். மறுப்பதற்கு இடமிருந்து கொடுத்ததே கொடை. அவளைக் கேட்டதுண்டா? விண்ணப்பத்தாளை நிரப்பி அனுப்பியபின் அறிவித்தல் கேட்டலாகாது. "வேண்டாம், இவ்வாண்டு வேண்டாம், குழந்தை நடக்கட்டும்" என்று அவள் சொல்லியிருப்பின் அவன் நிறுத்தியிருப்பானா? இன்னுமொன்று: அவளும் ஒருகால் உயர்தரம் வரை படித்தவளாயிருக்கலாம். நாளைக்கு அவள் கற்க விரும்பினால் இவன் விடியலிலெழுந்து ரொட்டி சுடுவானா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடையிறுக்க வல்லவன் வீட்டிலே அவள் தருவது கொடைதான். ஏனையோர் வீட்டில் அது கேளாமற் பெற்ற கடன். மேற்கூறிய ஆசிரிய உதவியாளருள் யுவதியரும் இருந்தனரன்றோ? அவருள்ளுந் தாய்மார் இருந்திருப்பர். அவர் கல்வியைப்பற்றி, "மூன்றையும் எப்படிச் சமன்செய்கின்றாய்?" என்று வியந்து வினவுவார் அரியர், "பிள்ளையை யார் பார்ப்பது?" என்பதே அவர் கேட்ட வினாவாயிருக்கும். தந்தையிடத்தும் இவ்வினாவே முதலிற் கேட்கத்தக்கதென்பது எம் கருத்து.

நம் சமயத்தார் நன்கறிந்த பெரியபுராணத்திலே இளையான்குடிமாற நாயனார் வரலாற்றைக் காண்க. நள்ளிரவில், மழையில் வந்த அடியார்க்கு அமுதளிக்க வீட்டில் ஒன்றுமில்லை. அன்று பகல் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று வழிகூறியவர் யார்? மனைவியார். நாயனார் இருளிற் சென்று வாரி வந்தார். விறகில்லையென்று அவர் கூற, இவர் வீட்டுக் கூரையின் வரிச்சை அறுத்தார். விதைநெல்லை உண்பது வரும் ஆண்டின் விளைவை உண்பதாகும்; அத்துணைப் பெருஞ் செலவை இருவருங்கூடி எண்ணிச் செய்தனர். ஒருவர் முடிவுசெய்ய மற்றவர் பொறுத்துக்கொண்டதாக அங்கே இல்லை. அடியார் பலர் குயவராயும், நெசவாளராயும், வலைஞராயும் தொழில்செய்து கொண்டே தம் தொண்டை நடத்தினர் என்று நாம் வகுப்பில் எடுத்துரைக்கின்றோம். அத்தொண்டில் மனைவியர் கருத்தும் கலந்திருந்தமையை அத்துணை வற்புறுத்துவதில்லை.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இலே சென்னைச் சர்வகலாசாலையின் பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினார். பின்னர்ச் சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு பதிப்பித்தார், 1871இல் பீ. எல். பட்டமும் பெற்றார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தொன்பது. உத்தியோகம், ஏட்டுச்சுவடி, சட்டப்புத்தகம் மூன்றும் ஒருவர் மேசைமேற் கிடந்தன. அவருழைப்பை நாம் வியக்கின்றோம், வியத்தற்குரியதே. அம்மேசையிருந்த வீட்டை நடத்தியது யார் என்று அவர் பதிப்புக்களைப் படிப்போர் வினவுவதில்லை.

இவையெல்லாம் கூறக் கேட்டு, அற்றாயின் அவ்விளைஞன் கல்வியை விட்டுவிடுதலே நன்று என்பாரும் உளர். யாம் உடன்படேம். அவன் கல்வி அவனோடு நிற்பதன்று. பயிற்சி பெறாத ஆசிரியனாலே பிந்திய ஒரு வகுப்பு, பிந்திய தந்தையர் நாற்பதின்மரை மீண்டும் உண்டாக்கும். எனினும், "எல்லாம் பிள்ளைக்காகத்தான்" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது சிறிது விழிப்பு வேண்டும். பட்டத்தின்மேல் ஆசையுண்டாயின் ஆசையென்றே சொல்லுக, அது இழிவன்று. பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பிள்ளையின் பொழுதை எடுப்பதே இழிவு.

ஈண்டு மிகவும் நுண்ணிதாக எண்ணத்தக்கதொன்றுண்டு. மனைவியிடத்துப் பெற்ற கடனைத் திருப்பலாம். பரீட்சை முடிந்தபின் விறகும் தண்ணீரும் முழுமையும் தன் பங்காக ஏற்கலாம். அவள் படிக்கலாம், அன்றி வெறுமனே இளைப்பாறலாம். குழந்தையிடத்துப் பெற்றது அவ்வாறன்று. இரண்டு வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுதை அது பன்னிரண்டு வயதடைந்தபின் திருப்பிக் கொடுத்தல் எவராலும் ஆகாது; அப்போது அது கேட்பது வேறு. ஆகவே, பொழுது எங்கிருந்து எடுக்கப்படல் வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை பிறக்கின்றது. முதலிலே தன் நண்பரோடு கழிக்கும் பொழுது, கடைத்தெருப் பொழுது, கோயிற் பரிபாலன சபை, சங்கக் கூட்டம் ஆகியவற்றினின்று எடுக்க. (எம்மைப் போன்ற சபையார் ஞாயிறுதோறும் இளம் ஆசிரியரைக் கூட்டத்துக்கு அழைத்து, வாராதவரைப் பற்றிலாதவர் என்று பேசுவதை விடுதல் நலம்.) அதன்பின் தன் உறக்கம், உடம்பு தாங்குமளவு. அதன்பின், கேட்டுப்பெற்று, மனைவியின் பொழுது. குழந்தை விழித்திருக்கும் ஒரு மணிநேரத்தை மாத்திரம் தொடாதிருக்க. பாடம் ஓராண்டு பிந்தினும் பிந்துக.

தலைமையாசிரியராயுள்ளோர் செய்யக்கூடியனவும் சில உள. கால அட்டவணை வகுக்கும்போது, கைக்குழந்தையுள்ள ஆசிரியனுக்கு முதற் பாடவேளையை விட்டுக்கொடுத்தால் அவன் பிள்ளைக்காம்பரா வாசலில் ஓடவேண்டுவதில்லை. இளையவன் என்பதனால் விளையாட்டுப்போட்டி, கலைவிழா, சனிக்கிழமைச் சிரமதானம் அனைத்தையும் அவன் தலையிலே கட்டுதல் நம் பாடசாலைகளிற் பெருவழக்கு. கேட்டால் மறுக்கமாட்டான் என்பதே காரணம். அவன் மனைவி அவனுக்கு மறுக்கமாட்டாமையும், அவன் நமக்கு மறுக்கமாட்டாமையும் ஒரே இனத்தன.

மேல்வகுப்பு நடத்துவோரிடம் கூறவேண்டியதும் ஒன்றுண்டு. யட்டியாந்தோட்டை மழை மிக்க இடம். வைகாசியிலே தென்மேற்குப் பருவமழை தொடங்கினாற் பட்டை நனைந்து பால்வெட்டு நின்றுபோகும் நாட்கள் பல. அந்நாட்களிற் படிப்பவனுக்கு ஒரு நன்மையுண்டு. மனைவி வீட்டிலிருப்பதாற் குழந்தையை அவளிடம் விட்டுப் பகலிலும் புத்தகத்தை விரிக்கலாம். அவளுக்கோ அந்நாட்களிற் பேர் விழுவதில்லை. கையிற் காசு இல்லை. வகுப்புக் கட்டணத்தின் இரண்டாந் தவணையை ஆனி மாதத்திலே கேட்கும் நிலையங்கள், அதனைப் புரட்டாசிக்குப் பின்னே தள்ளிவைத்தால் அவற்றுக்குக் குறைவொன்றும் வாராது.