வீழ்ந்தவர் பெயரும் விடுபட்ட பெயர்களும்

போரில் மாண்ட ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் தேடி அறிவது எதன்பொருட்டு? மாண்டவர் நம்மவராயின் இவ்வினா எழுவதே இல்லை. நன்றிக்கடன் என்று கூறி அமைவோம். அவர் இம்மண்ணை வெல்லவந்த அயல்நாட்டுப் படையின் தலைவராயின், அவருடைய பிறப்பையும் உடன்பிறந்தாரையும் ஆராய்வது அடிமை மனத்தின் எச்சம் என்பார் உளர். மனிதப் பண்பின் கடமை என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் நம் ஊர்ப்புறத்தைத் தொட்டுச் சென்ற ஓர் உண்மை வரலாற்றின்மேல் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

பெருமாட்டியின் வயல்களுக்கு நீரூட்டும் சித்தூர்ப் புழை, பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப் புழையாகிப் பொன்னானியில் கடலை அடைகின்றது. 1782ஆம் ஆண்டில் அந்தப் பாரதப் புழைப் பள்ளத்தாக்கின் வழியே ஓர் ஆங்கிலப் படை பாலக்காட்டை நோக்கி வந்தது. 1766இல் ஐதர் அலி எழுப்பிய கோட்டையே அதன் குறி. படைத்தலைவர் தாமஸ் ஃபிரடெரிக் மெக்கன்சி ஹம்பர்ஸ்டன், ஸ்காட்லாந்தின் மெக்கன்சிக் குலத்தவர். அவ்வாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கி, ஏப்ரலில் திருரங்காடியில் ஐதரின் தளபதி மக்தூம் அலியை வென்றார். மக்தூம் அலி அக்களத்திலேயே மாண்டார். மழைக்காலம் கழிந்தபின் பாலக்காட்டை அணுகிய ஹம்பர்ஸ்டன், கோட்டையின் வலிமையைக் கண்டு பொன்னானிக்குத் திரும்ப நேர்ந்தது. திப்பு சுல்தானின் படை அவரைப் பின்தொடர்ந்தது. நவம்பர் இறுதியில் பொன்னானியில் நடந்த தாக்குதலை ஆங்கிலப் படை எதிர்த்து நின்றது. டிசம்பரில் ஐதர் மறைந்தமையால் திப்பு களத்தை விட்டு அகன்றார்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஹம்பர்ஸ்டன் பம்பாயிலிருந்து 'ரேஞ்சர்' என்னும் கப்பலில் திரும்பி வருகையில், மராட்டியக் கப்பற்படை அதனைத் தாக்கியது. படுகாயமுற்ற அவர், இன்று விசயதுர்க்கம் எனப்படும் கெரியாவில் 1783 ஏப்ரல் 30 அன்று உயிர் துறந்தார். அகவை முப்பதளவே. ஆங்கிலேயருக்கும் மராட்டியருக்கும் சமாதானம் செய்த சால்பாய் உடன்படிக்கையோ 1782 மே மாதத்திலேயே கையெழுத்தாகியிருந்தது! போர் முடிந்துவிட்டது என்று ஏட்டில் எழுதப்பட்ட பின்னர் நேர்ந்த சாவு இது.

இவ்வளவோடு நின்றால் அவர் நமக்கு ஒரு படைத்தலைவர் மட்டுமே. குடும்பத்தைத் தேடப் புகும்போதுதான் மனிதர் தென்படுகின்றார். ஹம்பர்ஸ்டன் என்பது தாய்வழிச் சொத்தின் பொருட்டு அவர் ஏற்ற பெயர். குலத்தலைவராகிய சீஃபோர்த் பிரபு கடனில் மூழ்கியபோது, குலத்தின் நிலங்களை விலைகொடுத்துத் தம் பொறுப்பில் ஏற்றவர் இவர். அப்பிரபு தாம் திரட்டிய படையோடு இந்தியாவுக்குக் கப்பலேறி, 1781இல் வழியிலேயே இறந்தார். அக்கடற்பயணத்தில் அவர் படையினர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் நோயால் மாண்டனர். வாளைக் கையில் எடுக்குமுன்னரே கடல் அவர்களை விழுங்கிற்று.

ஹம்பர்ஸ்டனுக்குப்பின் குலத்தலைமை தம்பி ஃபிரான்சிசைச் சேர்ந்தது. இளமையில் நோயால் செவிப்புலன் இழந்தவர் அவர். ஆயினும் பார்படோசுத் தீவின் ஆளுநராக உயர்ந்தார். அடிமையைக் கொல்வோரைக் கொலைக்குற்றவாளியாகத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமென்று அங்கே போராடினார். அவரே பெர்பீசு நாட்டில் அடிமைகளின் உழைப்பால் நடந்த தோட்டங்களுக்கும் உரியவர்! நான்கு ஆண்மக்களையும் தமக்கு முன்னரே பறிகொடுத்து 1815இல் மறைந்தார். அவர்தம் மூத்த மகள் மேரி, பெரிய தந்தை உயிர்விட்ட அதே 1783இல் பிறந்தவள். அவள் கணவர் கடற்படைத் தலைவர் சாமுவேல் ஹூட், 1814 டிசம்பரில் சென்னையில் இறந்தார். கைம்பெண்ணாய்த் தாயகம் திரும்பிய அவளையே குலச்சொத்து அடைந்தது.

இவற்றை அறிந்தபின் நம் தீர்ப்பு மாறுகின்றதா? ஒருபுறம், பகைவர் என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு வீடு தெரிகின்றது. மறுபுறம், அந்த வீட்டின் செல்வத்திற்குப் பின்னே அடிமைகளின் முதுகும் தெரிகின்றது. ஆகவே, குடும்பத்தை அறிதல் என்பது மன்னித்தல் அன்று, புகழ்தலும் அன்று. முழுமையாய்க் காண்டல் அது. அரைகுறையாய் அறிந்தவனே எளிதில் வெறுக்கின்றான், எளிதில் வணங்கவும் செய்கின்றான்.

தமிழர்க்கு இப்பார்வை புதிதன்று. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருநற்கிள்ளியும் ஒரே களத்தில் பொருது இருவரும் வீழ்ந்தபோது, கழாத்தலையாரும் பரணரும் அக்களத்தைப் பாடினர். ஒருவன் வெற்றியைப் பாட அங்கே இடமில்லை; இருவர் சாவையும் பாடினர். வீழ்ந்தோர்க்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளாய் வகுத்துரைக்கின்றது. செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கருந்தேவகத்தி என்னும் வீரனோடு, அவனுடைய நாயின் பெயரையும் பொறித்து வைத்துள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர்.

ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகள் நின்றிருக்க, பாரதப் புழைக் கரையில் இருதரப்பிலும் மடிந்த சிப்பாய்களின் பெயர்கள் எங்கே? ஹம்பர்ஸ்டனோடு நடந்தவருள் இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். திருவிதாங்கூர்ப் படையினர் இருந்தனர். மூட்டை சுமந்தோரும் மாடு ஓட்டியோரும் இருந்தனர். திப்புவின் பக்கமும் அவ்வாறே. போர் வரலாறுகளில் அவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றனர். அவர்களுக்கும் தாயர் இருந்தனர். வாயிலில் நின்று வழிபார்த்த மனைவியர் இருந்தனர்.

மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு நாளைக் கழிக்கும் எம்மனோர் இதன் காரணத்தை நன்கறிவோம். பணிப்பதிவேட்டில் பெயர் ஏறியவர் இறந்தபின்னும் அக்கோப்பு அவருக்காகப் பேசும், வாரிசைத் தேடும், ஓய்வூதியம் அனுப்பும். பதிவேட்டில் ஏறாத நாட்கூலி இருபது ஆண்டுகள் உழைத்திருப்பினும் ஏடு வாய் திறவாது. நினைவு பெரும்பாலும் அன்பின் வழிச் செல்வதில்லை. காகிதத்தின் வழியே செல்கின்றது. நிலமும் பட்டமும் உடையவர்க்குக் காகிதம் மிகுதி. ஆதலின் அவர்களைத் தேடுவது எளிது. எளிதானதை மட்டும் தேடிவிட்டு அதற்கு மனிதநேயம் என்று பெயரிடுவதே பிழை. தேடுவது பிழையன்று.

இவ்வரலாற்றில் நமக்கு அணித்தான இழை மற்றொன்றுண்டு. சீஃபோர்த் குடும்பத்தின் லூயிஸ் தீவில் பிறந்த காலின் மெக்கன்சி, ஹம்பர்ஸ்டன் இறந்த அதே 1783இல் சென்னை வந்து சேர்ந்தார். நில அளவைப் பணிக்கு இடையே, காவலி வெங்கட்ட போரய்யா, லட்சுமய்யா முதலிய இந்நாட்டு அறிஞர்களின் துணையோடு ஊர்தோறும் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் வாய்மொழி வரலாறுகளையும் திரட்டினார். அவற்றுள் பெரும் பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. ஆட்சியாளரின் பயனும் அதில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஓர் அயலார் நம் ஊர்களின் கதைகளைக் கேட்டு எழுதச் செய்ததால் அவை அழியாது நின்றன. அங்ஙனமிருக்க, அயலாரின் கதையை நாம் கேட்பது எவ்வாறு இழிவாகும்?

ஆகவே நம் முடிபு இது. வீழ்ந்த ஸ்காட்லாந்து அதிகாரியின் குடும்பத்தைத் தேடுக, அதில் தாழ்வில்லை. ஆனால் அத்தேடல் அவரோடு நின்றுவிடலாகாது. அவருடைய தம்பியின் பெயரை அறிந்த நாம், கொங்கு நாட்டிலிருந்து கணவாய் கடந்து இப்பெருமாட்டிப் பகுதிக்கு முதன்முதல் ஏர் பிடிக்க வந்த நம் பாட்டனார் யார், அவருடன் வந்த பாட்டியார் பெயர் என்ன என்று கேட்கின்றோமா? நிலப்பத்திரத்தில் பாட்டனார் பெயராவது இருக்கும். பாட்டியார் பெயர் முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றது. அந்நாவு ஓயுமுன் கேட்டு எழுதிவைப்போம். கல் நட்ட மரபினர் நாம். ஒரு தாளேனும் நடுவோம்.