வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா?

'உள்ளடக்கிய வளர்ச்சி' என்றொரு சொல் அரசாங்கக் காகிதங்களில் ரொம்பவும் புழங்குகிறது. பட்ஜெட் உரையில் இருக்கிறது, உலக வங்கி அறிக்கையில் இருக்கிறது, கம்பெனிக்காரன் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்துவிட்டு மாட்டுகிற போர்டில்கூட இருக்கிறது. வளர்ச்சி ஏற்கனவே யாருக்கோ சொந்தமான வீடு, வெளியே நிற்கிறவனைப் பார்த்து 'நீயும் உள்ள வா' என்று கூப்பிடுகிறார்கள் என்பதுதான் அதன் பொருள். கூப்பிடுகிறவன் யார், அந்த வீடு யார் மனையில் நிற்கிறது என்று கேட்க அந்தச் சொல் இடம் கொடுப்பதில்லை. 'உள்ளே அடக்கிய' என்றும் அதைப் பிரித்துப் படிக்கலாம்தான். சொல்விளையாட்டு கிடக்கட்டும், செங்கல்பட்டுச் சீமைக்கு வருவோம்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், மறைமலை நகர். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசன ஊர்களும் அவற்றை ஒட்டிய நிலங்களும் இவை. 1996இல் ஹூண்டாய்க்கு அடிக்கல் வைத்தார்கள், 1998இல் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்தது. முப்பது வருஷத்துக்குள் கழனிகளின் மேல் காம்பவுண்டு சுவர் எழும்பியது. இந்தியாவின் டெட்ராய்ட் என்று பேரும் வைத்தார்கள்.

அதே ஜில்லாவைப் பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. எழுதியவர் அப்போது பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர். பறையர்கள் ஏன் இப்படிக் கிடக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போன அந்த வெள்ளைக்காரர், சோம்பேறித்தனம், குடி என்றெல்லாம் வழக்கமான கதை பேசாமல் நேராக மனைக்கு வந்தார். படியாள் குடியிருக்கிற குடிசையின் அடிமண்ணே மிராசுதாரனுக்குச் சொந்தம். கூலி போதாது என்று வாய் திறந்தால் குடிசையைக் காலிசெய்ய வேண்டும். புறம்போக்குத் தரிசைத் தர்காஸ்து போட்டுக் கேட்டாலோ மிராசுதாரன் முன்னுரிமை என்று வந்து நிற்பான். அதாவது, 'மாட்டேன்' என்று சொல்வதற்குக் காலூன்ற ஒரு சாண் இடம் கிடையாது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்குத்தான் விற்கலாம், மீறினால் கிரயம் செல்லாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள்.

நிலம் வயிற்றுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சோறு ஆண்டையும் போட்டான், நாயாய் நடத்திக்கொண்டே போட்டான். நிலத்தின் பொருளே வேறு. அது 'மாட்டேன்' என்று சொல்வதற்கான பிடிமானம். ஆகவே ஒரு வளர்ச்சி நமக்கானதா இல்லையா என்று பார்க்க நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதல்ல. யாரிடம் யார் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது என்பதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் தொழிற்சாலைக்கு ஆதரவாகவே முதல் சாட்சி வருகிறது, அதை மறைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பையன்கள் கம்பெனி ஷிப்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஊரில் சாவு விழுந்தால் மோளம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. 'இன்னிக்கு டூட்டி இருக்குது, வர முடியாது.' பெரிய புரட்சி வாசகம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் தாத்தா சொல்ல முடியாத வாக்கியம் அது. கூடவே ஒரு 'சாமி' போடாமல் சொன்னான் பாருங்கள், அதுதான் ஊருக்கு வலித்தது. கழனி போச்சே, நாற்று நடவு பாட்டு போச்சே என்று உருகுகிற சூழலியல்காரர்களோடு எனக்கு இதனால்தான் தீராத சண்டை. யார் கழனி? யார் முதுகு குனிந்த நடவு? 1918இலேயே சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரையில், விவசாயத்தின் நோய்க்குத் தொழில்மயமே மருந்து என்று வாதிட்டவர் பாபாசாகேப். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். கிராமத்தைக் காப்பாற்றுகிற வேலை நம் வேலை இல்லை.

ஆனால் அதே பாபாசாகேப் பம்பாய் மில்களையும் பார்த்தவர். அங்கே நெசவுப் பகுதியில் தீண்டப்படாதவரைச் சேர்க்க மாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு. கூலி அதிகமான வேலை அதுதான். 1928-29 வேலைநிறுத்தங்களின்போது அவர் இதைக் கேள்வியாக்கினார். இயந்திரம் சாதியை அரைத்துத் தள்ளிவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்த நாடாவே பதில். இன்றைக்கு வாயால் உறிஞ்ச நூல் இல்லை. அதற்குப் பதில் காண்ட்ராக்ட் இருக்கிறது. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது, யாரை எந்த வேலையில் வைத்திருக்கிறோம் என்று சாதிவாரியாகக் கணக்குக் காட்டவும் அவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. கம்பெனிக்குள் மலக்குழி சுத்தம் செய்ய வருகிறவர்கள் யார் என்று கேட்டால் மட்டும் கணக்கெடுக்காமலே பதில் தெரிகிறது.

இன்னொன்று, இந்தப் பிடிமானம் எப்போது வேண்டுமானாலும் நழுவும். நோக்கியா 2014இல் மூடியது. ஃபோர்டு 2021இல் அறிவித்து 2022இல் உற்பத்தியை நிறுத்தியது, 2024இல் மறுபடி வர விருப்பம் என்று கடிதம் கொடுத்தது. போகவும் வரவும் அவர்களால் முடிகிறது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நடந்ததை யோசித்துப் பாருங்கள். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதிகளில் ஒன்றில் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட இருந்த பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். படுக்கிற இடமும் சாப்பாடும் வேலை கொடுப்பவன் ஏற்பாடு. வேலை போனால் பாயும் போகும். 1891இல் குடிசையின் அடிமண் யாருடையது என்று ட்ரெமென்ஹீர் கேட்டாரே, அதே கேள்வியை அந்த விடுதிக் கட்டிலைக் காட்டிக் கேட்கலாம். காலம் வேறு, கூலி வேறு, அந்தப் பெண்கள் படியாட்களும் அல்ல. ஆனாலும் இருப்பிடத்தைப் பிடித்து வாயைக் கட்டுகிற தந்திரம் ஒன்றுதான். கட்டியும் வாய் திறந்தது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வெளியே நின்றதும் அந்த வகைதான். ஆலைக்குள்ளே சங்கம்தான் நிலம்.

இப்போது நிலத்துக்கே வருவோம். பஞ்சமி நிலம் கையைவிட்டுப் போனது ரகசியமில்லை. கல்யாணக் கடன், பஞ்சத்துக் கடன், கைநாட்டு, மிரட்டல். கிரயம் செல்லாது என்று ஆணை இருந்தும் பத்திரம் பதிவானது, பட்டா மாறியது. அதைத் திருப்பிக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் அதே ஜில்லாவில் கார் கம்பெனிக்கு நிலம் தயார். பட்டா யார் பேரில் இருக்கிறதோ நட்டஈடு அவர் பேருக்கு. செல்லாத கிரயத்தில் எடுத்தவனிடமிருந்து அரசாங்கம் நிலத்தை எடுத்துக் காசும் கொடுத்துவிட்டால் களவுக்குச் சலவை ஆகிவிடுகிறது. 2013 நிலமெடுப்புச் சட்டம் பட்டா இல்லாத கூலியாட்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எண்ணியது. 1997இல் தொழில்களுக்கென்று தானே போட்ட சட்டம் உட்பட மூன்று சட்டங்களுக்கு, 2013 சட்டத்திலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது தமிழக அரசு, 2014இல். 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவித்த பிறகு ஏகனாபுரத்தில் கிராமசபை கூடிக் கூடி வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். கிராமசபையில் பட்டா இல்லாதவன் தூக்குகிற கையும் ஒரு கைதான். நட்டஈடு பேசுகிற மேஜையில் அவனுக்கு நாற்காலி இல்லை.

'அதான் உன் பிள்ளைக்கு வேலை கொடுத்தாச்சே' என்கிறார்கள். கடன் வாங்கியவன் அசலைத் தராமல் தினம் ஒருவேளை சோறு போட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்தால் அதற்கு என்ன பேர்? கூலி, செய்த வேலைக்கு. நிலத்துக்கானது தனிக் கணக்கு. பயனாளி என்று பட்டியலில் பேர் எழுதுகிறபோதே அந்தக் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

நூற்றுமுப்பது வருஷம் ஓடிப்போச்சு, நடுவில் நாலு கை மாறிவிட்டது, இன்று வைத்திருப்பவன் தெரியாமல் வாங்கினவன் என்பது அவ்வளவு லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. அவன் கட்டிய வீட்டை இடித்துப்போடு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏக்கரின் விலையை ஏற்றியது அவன் வியர்வையும் இல்லை, பொதுப்பணத்தில் போட்ட ரோடும் சிப்காட்டும்தான். ஏறிய விலையில் முதல் பாத்தியதை யாருக்கு?

'திருப்பிக் கொடுத்தா உழுவீங்களா?' என்று நக்கலாகக் கேட்பார்கள். மிராசுதாரன் பேரனிடம் யாராவது இப்படிக் கேட்டதுண்டா? அவன் ஷெட் போட்டு வாடகை வாங்குகிறான். சிப்காட்டே கம்பெனிகளுக்கு நிலத்தை விற்பதில்லை, 99 வருஷக் குத்தகைக்குத்தான் விடுகிறது. அப்படியானால் குத்தகைக்காரன் கம்பெனி, நிலத்துக்குச் சொந்தக்காரன் சேரி என்று ஏன் எழுத முடியாது? 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் அம்பேத்கர் நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி பார்க்காமல் குடிகளுக்குக் குத்தகைக்கு விடச் சொன்னார். அதற்குப் பக்கத்தில் வைத்தால் நான் கேட்பது ரொம்பச் சின்னது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 80களில் நிலப்பதிவுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு உதிர்ந்துபோனதாகக் களத்தில் அலைந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் 2005 தகவல் சட்டத்தில் கேளுங்கள். பழைய சர்வே எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்தி, சிப்காட் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தாலுகா ஆபீசில், 'பழசெல்லாம் செல்லரிச்சுப் போச்சுப்பா' என்பார்கள். எந்த ஊர்ப் பதிவேடு, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை செல்லரித்தது என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.