புல்லை வேண்டுகிறவர்கள்

சென்னையில் குடியிருந்துகொண்டு பொன்னேரிக்கு வடக்கே நாலைந்து ஏக்கர் வாங்கிப் போட்டிருப்பவர்கள் பலர். என்றைக்காவது விலை ஏறும், பிள்ளைகளுக்கு ஆகும் என்ற எண்ணத்தில் வாங்கியது. பழவேற்காடு போகும் வழியில் இரு பக்கமும் அந்த நிலங்களைப் பார்க்கலாம். எல்லைக்கல் நட்டிருக்கும், சில இடங்களில் முள்கம்பியும் சுற்றியிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தையில் புல் இடுப்பளவு நிற்கும். நடுவே வேலிகாத்தான் தலை நீட்டும். பங்குனி வெயிலில் அத்தனையும் காய்ந்துபோனால் அணைக்காமல் எறிந்த ஒரு பீடி போதும். பாம்புக்குப் பயம், தீக்குப் பயம், பக்கத்து நிலக்காரரின் புகாருக்குப் பயம். ஆண்டுக்கொரு தடவை வந்து பார்க்கும் உரிமையாளர் கேட்பது ஒன்றுதான்: கட்டுப்படியாகிற செலவில் இதை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது?

எல்லாரும் முதலில் நினைப்பது இயந்திரத்தை. தோளில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டி ஒரு வீட்டு மனைக்குச் சரி. ஏக்கர் கணக்கில் இறங்கினால் ஆள்கூலிக்கும் பெட்ரோலுக்கும் கொடுத்து மாளாது. டிராக்டரில் ரோட்டவேட்டர் பூட்டி ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கிளறிவிட்ட மண்ணில் புதைந்து கிடந்த விதைகளெல்லாம் அடுத்த மழைக்கு முளைத்துக்கொண்டு வரும். வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம், தரையோடு வெட்டினால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். களைக்கொல்லி அடிக்கலாமே என்பார்கள். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் தெளிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்திவிட்டது. அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் இந்த வட்டாரத்தில் அதைத் தொடக் கூடாது. இங்கே பெய்கிற மழை கடைசியில் போய்ச் சேர்வது பழவேற்காடு ஏரிக்கு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. ஆழமில்லாத அந்த நீரில்தான் இறால் குஞ்சு வளர்கிறது; அதை நம்பித்தான் கரையில் தோணிரேவு போன்ற ஊர்களில் உலை கொதிக்கிறது. நம் நிலத்தில் தெளித்ததை அந்த ஊர் மீனவர்கள் வலையில் வாரக்கூடாது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இந்த ஆண்டு செய்ததை அடுத்த ஆண்டும் செய்ய வேண்டும். வெட்டிய புல் யாருக்கும் ஆகாமல் கிடந்து மட்கும், அல்லது எரியும்.

ஆகவே முதல் சிக்கனம், வெட்ட வேண்டாத இடம் எது என்று தெரிந்துகொள்வது. கடலை ஒட்டிய மணல்மேடுகளில் படரும் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் களை என்று நினைத்து வழித்தெறிகிறார்கள். அவை போனால் மணல் பறக்கும், மேடு கரையும். 2004 சுனாமியைக் கண்ட கடற்கரையில் மணல்மேட்டின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையின் உப்புத் தரையில் ஒட்டி வளரும் உமரியையும் அப்படியே விட்டுவிடலாம். அது உயர்ந்து வளர்ந்து யாரையும் பயமுறுத்தப் போவதில்லை.

மற்ற இடங்களுக்கு என்ன செய்வது? இதற்கு விடை பெரிய விலை கொடுத்துக் கற்கப்பட்ட ஓர் இடம் ராஜஸ்தானில் இருக்கிறது. பரத்பூரின் கேவலாதேவ் பறவைகள் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர். சுற்றுக் கிராமத்து எருமைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ந்து வந்தன. பறவைகளுக்கு இடைஞ்சல் என்று 1982இல் மேய்ச்சலை நிறுத்தினார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டு அங்கேயே இருந்து ஆராய்ந்தது. எருமை போன பிறகு நீர்ப்பரப்பைப் புல் மூடிக்கொண்டது, திறந்த நீர் வேண்டிய பறவைகளுக்கு இடம் சுருங்கியது என்பது ஆய்வின் முடிவு. மேய்ச்சலை நிறுத்தச் சொன்ன தரப்பில் பறவைகளை உயிராய் நேசித்தவர்களே இருந்தார்கள். அந்த எருமைகள் கூலி வாங்காமல் செய்துவந்த வேலை, அவை போகும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாளில் கிராமத்தாரே உள்ளே போய்ப் புல் அறுத்துக்கொள்ள அனுமதி தரப்பட்டது.

மேய்ச்சலுக்குக் காசு கொடுத்தே ஆடு அழைத்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் தன் அலுவலகத்தை ஒட்டிய புல்வெளிக்கு 2009இல் கூகுள் நிறுவனம் சுமார் 200 ஆடுகளை வாடகைக்கு வரவழைத்தது. அங்கே அது செய்தியானது. நம் ஊரில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக நடப்பதும், அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதும், சாணத்துக்கும் மூத்திரத்துக்குமாக விவசாயி அவர்களுக்குப் பணமோ நெல்லோ அளப்பதும் எத்தனையோ காலத்து வழக்கம். ஓர் ஆடு ஒரு நாளைக்கு நாலைந்து கிலோ பசுந்தழை தின்னும். ஐம்பது ஆடு என்றால் இருநூறு கிலோவுக்கு மேல். எந்தப் புல்வெட்டியும் தான் வெட்டியதை அங்கேயே எருவாக மாற்றித் தருவதில்லை.

ஆனால் ஆட்டை அவிழ்த்துவிடும் முன் வேலிகாத்தானைக் கவனிக்க வேண்டும். அதன் இலையை ஆடு தொடாது. இனிப்பான காயை விரும்பித் தின்னும். வயிற்றுக்குள் போய் வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கும். கோடையில் காய் பழுத்துக் கிடக்கும் நிலத்தில் ஆட்டை விட்டால், ஆட்டைக்கொண்டே முள்காடு விதைத்தவர் ஆவோம். மழை முடிந்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பறித்துவிட வேண்டும். தென் மாவட்டங்களில் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுகிறவர்களே நிலக்காரருக்குப் பணம் தருவதுண்டு. அவர்களிடம் வைக்க வேண்டிய நிபந்தனை ஒன்றுதான்: மரத்தோடு வேரையும் எடுக்க வேண்டும். பரத்பூரிலும் இந்த மரத்தைச் சுற்றுக் கிராமத்தாரை விட்டே பறிக்கச் சொல்லி, கட்டையை அவர்களுக்கே கொடுத்தார்கள். இந்த மாதிரி அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது.

இவ்வளவு எளிய வழி இருந்தும் நிலக்காரர்கள் ஏன் வேலியைத் திறப்பதில்லை? பயம். உள்ளே விட்டவன் நாளைக்கு நிலம் என்னுடையது என்பானோ என்ற பயம். இந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஒரு வாழ்நாள் சேமிப்பு அதில் கிடக்கிறது. ஆனால் சட்டம் சொல்வதையும் கேட்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தால் நிலம் கைமாறுவது, உரிமையாளருக்கு எதிராக, அவர் அனுமதி இல்லாமல் அனுபவித்தால்தான். அனுமதியோடு வந்தவரின் அனுபவம் எத்தனை ஆண்டானாலும் தானாக உரிமை ஆகாது. இந்தப் பருவத்துக்கு மேய்த்துக்கொள்ளலாம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், பூட்டிய கேட்டைவிட நல்ல காவல். ஆள் நடமாட்டமே இல்லாத நிலத்தில்தான் ஆக்கிரமிப்பு சத்தமில்லாமல் நுழைகிறது.

பழவேற்காடு ஏரியின் மீனவர்களுக்கு, சொந்தமில்லாததை முறைவைத்து அனுபவிப்பது புதிதல்ல. பாடு என்ற ஏற்பாட்டில், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. ஏரி யாருடைய பட்டாவிலும் இல்லை. ஆனாலும் அதன் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு முறை வருகிறது. அதில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடு உரிமை குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு இல்லை, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இல்லை. ஏரியில் முறை கிடைக்காதவர்களுக்குக் கரையில் கிடக்கும் நிலம் இன்னும் பெரிய தேவை.

தோணிரேவுப் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுகிறார்கள். ஏரியின் வரும்படி நிச்சயமில்லாத வீடுகளில் அது ஒரு கைப்பிடி. அதற்கு வேண்டியது இளம் குருத்தோலை. அது கிடைப்பது இந்த வட்டாரத்துப் பனைகளில். வளர்ந்த பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் ரோட்டவேட்டர் ஓடும்போது சாகிற பனங்கன்றுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. நிலக்காரர் புதர் என்று கூலி கொடுத்து அழிப்பதில், சில ஆண்டு கழித்து இன்னொருத்திக்குக் கிடைக்கவிருக்கும் வருமானம் இருக்கிறது.

நிலம் காடாவது புல் முளைப்பதால் என்று நினைக்கிறோம். புல் எப்போதும் முளைத்துக்கொண்டுதான் இருந்தது. அதை வேண்டுகிறவர்களை வெளியே நிறுத்திய பிறகுதான் அது குப்பையாயிற்று. ஆட்டுக்காரருக்கு அது தீனி, விறகுவெட்டிக்கு அடுப்பு, ஓலை பின்னுகிறவளுக்குக் கூடை. பத்திரம் நிலத்தை நம் பெயரில் வைத்திருக்கும். அதைச் சீராக வைத்திருப்பது, அதன்மேல் யாருக்கோ இருக்கும் அன்றாடத் தேவைதான். அந்தத் தேவைக்கு வழிவிடாத உரிமை, ஆண்டுதோறும் ஜேசிபிக்கு வாடகை கட்டிக்கொண்டே இருக்கும்.

பொன்னேரிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தை மாதம் நிலத்தைப் பார்க்கப் போகும்போது, இயந்திரக்காரரின் எண்ணைத் தேடும் முன் பக்கத்து ஊருக்குள் நடந்து போங்கள். ஆடு வைத்திருப்பவர் யார், விறகு வெட்டுபவர் யார், ஓலை தேடுபவர் யார் என்று விசாரியுங்கள். முதலில் வேலிகாத்தானை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். பனங்கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு கழி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, வேலியைத் திறந்துவிடுங்கள்.