ஆயுள் முழுதும் பேசும் சாட்சி

 

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்து வந்தார். பையன் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வளைகுடாவிலிருந்து தாய்மாமன் விசா அனுப்பியிருக்கிறார். "ஹஜ்ரத், துஆச் செய்யுங்கள். சம்பாதிக்கத்தானே படிப்பு? இனி அது எதற்கு?" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு தேசத்துக் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, நபிமார் வழித்தோன்றல் என்று குலம் பேசவில்லை. தாம் பேணிக் காப்பவர், விஷயமறிந்தவர் என்ற இரு தகுதிகளையே எடுத்துரைத்ததாகத் திருமறையின் 12ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது.

முகமறியாத ஊரில் நம் பிள்ளை விஷயமறிந்தவன் என்று சொல்வது யார்? அவனுடைய பட்டச் சான்றிதழ்தான்! அரபியில் சாட்சியத்துக்கும் சான்றிதழுக்கும் "ஷஹாதா" என்ற ஒரே சொல் வழங்குவதைச் சிந்தியுங்கள்.

விசாவுக்குக் கெடு உண்டு. பெற்ற பட்டத்துக்குக் கெடு இல்லை. குடிமைப் பணித் தேர்வு எழுதவும், பி.எட். சேரவும் பட்டம் கேட்கிறார்கள். வளைகுடாவிலேயே பொறியாளர் போன்ற வேலைகளுக்குச் சான்றொப்பமிட்ட பட்டத்தைக் கேட்பது வழக்கம். உதவியாளாகப் போனவர் எவ்வளவு தொழில் பழகினாலும், மேலே ஏறும் நேரத்தில் அந்தத் தாளின்றி நின்றுவிடுகிறார்.

என் கையிலும் ஒரு ஸனது இருக்கிறது. ஏழாண்டுகள் ஓதிப் பெற்றது. பாதியில் எழுந்து போயிருந்தால் மிம்பரில் ஏற எனக்கேது உரிமை?

ஆனால், பார்த்தெழுதி வாங்கிய பட்டம் பொய்ச் சாட்சி! பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சாட்சி மெய்யாக வேண்டுமானால் படிப்பும் மெய்யாக வேண்டும்.

1919இல் வாணியம்பாடியிலும், 1951இல் திருச்சியிலும் சென்னையிலும் நம் முன்னோர் கல்லூரிகள் கட்டியது பிள்ளைகள் பாதியில் எழுந்து போவதற்கா? வீட்டில் அடுப்பெரியவில்லை என்றால் பையன் போகட்டும்; மீதியைத் தொலைநிலைக் கல்வியிலேனும் முடிக்கட்டும். கட்டணம்தான் தடையென்றால் அதைத் தீர்ப்பது ஜமாஅத்தின் பொறுப்பு.

தகப்பனார் யோசித்தார். "இன்னும் ஒன்றரை வருஷம்தானே, வாப்பா" என்றான் பையன் மெல்ல. அதன் பிறகுதான் கையேந்தினேன்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.