6553.5 டிகிரி

போன மார்கழியில் ஒரு விடியற்காலை நாலு மணிக்குப் பெரியப்பா போன் செய்தார். “ஏம்மா, கோல்டு ரூம் ஆறாயிரத்து ஐநூத்தி அம்பத்தி மூணு டிகிரி காட்டுது. பூவெல்லாம் வெந்துடுச்சா?”

உத்தனப்பள்ளியில் அவருக்கு ரோஜா பாலிஹவுஸ். பறித்ததை 20 தண்டு ஒரு கட்டாகக் கட்டிக் கோல்டு ரூமில் அடுக்குவார்கள். அதன் குளிரைக் கவனிக்கும் புரோகிராம் நான் எழுதியது. தப்பும் என்னுடையதுதான்.

ஜாவாஸ்கிரிப்டின் பழைய அரே சந்தைப் பை மாதிரி; எண், எழுத்து, எதையும் உள்ளே திணிக்கலாம். பிரவுசரில் முப்பரிமாணப் படம் காட்டும் வெப்ஜிஎல்லுக்கு அது சரிப்படவில்லை. அதற்கென்று வந்த டைப்டு அரே, 2015-ல் மொழியின் தரநிலையிலேயே சேர்ந்தது. எத்தனை இடம், எந்த வகை எண் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் சென்சார் பத்தில் ஒரு டிகிரியை ஒன்றாக எண்ணி 16 பிட்டில் அனுப்பும். அறை −0.1 தொட்டதும் 16 பிட்டும் 1 ஆகிவிட்டன. மைனஸும் படிக்கத் தெரிந்த இன்ட்16 அரே வழியாகப் பார்த்தால் அது −1. நான் வைத்திருந்த, மைனஸே தெரியாத யுஇன்ட்16 வழியாகப் பார்த்தால் 65535. நினைவகத்தில் ஒரு பிட்கூட வேறில்லை.

அப்படியானால் எண் எங்கே இருக்கிறது, பிட்டிலா, பார்க்கிறவரிடமா? வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள் நான். விண்ணப்பத்தில் ‘தாய்மொழி’க்கு ஒரே கட்டம். அப்பா எனக்குத் தமிழ் என்று எழுதினார், தம்பிக்குத் தெலுங்கு என்று. அதனால் எல்லாம் பார்வைதான் என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான்.

ஆனால் அறை கொதிக்கிறது என்று நம்பிய புரோகிராம் கம்ப்ரெசரை நிறுத்தவே இல்லை. குளிர் யாருடைய பார்வையையும் கேட்காமல் இறங்கியது. உயிர் தானாக அறியாது, அறிவிக்க அறியும் என்பது சைவ சித்தாந்தம். பிட்டும் அப்படித்தான், தன்னை எப்படிப் படிப்பது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அனுப்பியவர் சொல்ல வேண்டும். சொல்லியும் இருந்தார்கள். சென்சாரோடு வந்த தாளின் இரண்டாம் பக்கத்தில், மைனஸும் வரும் என்று அச்சாகியிருந்தது. நான் புரட்டவில்லை.

அரே பெயரின் முன்னால் இருந்த ‘யு’வை எடுத்தேன். பின்சுவரோரம் இருந்த 40 கட்டு அன்றைக்கே உரக்குழிக்குப் போயிற்று.