கணக்கும் நிய்யத்தும்

தன் பாட்டைத் தானே பதிந்து தானே விற்கும் கலைஞரை இலட்சியவாதி என்கிறோம். அதிலே அவர் நிறையச் சம்பாதித்துவிட்டால் என்ன சொல்வது? இக்கேள்வியை என்னுள் கிளப்பியவர் அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோ.

1970இல் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே கிற்றாரோடு மதுச்சாலைகளில் பாடத் தொடங்கினார். நாட்டார் இசை மரபில் தானே எழுதி, தானே மெட்டமைத்த பாடல்கள். 1990இல் முதல் ஒலிநாடா, பின்னாளில் ரைச்சஸ் பேப் ரெக்கோட்ஸ் எனப் பெயர்பெற்ற அவருடைய சொந்த நிறுவனத்தின் மூலமே வந்தது. ஊர் ஊராகப் பாடுவதும், பாடி முடித்ததும் நாடா விற்பதும்தான் விளம்பரம். பெரிய கம்பனிகள் தேடி வந்தபோதும் மறுத்துவிட்டார். கம்பனியோடு ஒப்பந்தம் செய்பவருக்கு முற்பணம் கிடைக்கும். ஆனால் பதிவுச் செலவை அவர் பங்கிலிருந்தே கழிப்பார்கள், மூலப்பதிவின் உரிமையும் வழக்கமாகக் கம்பனியிடமே தங்கிவிடும். (கடன்பட்டுத் தம் நூலைத் தாமே அச்சிடும் நம்மவர்க்கு இதில் புதினமில்லை. விற்காத பிரதிகள் கட்டிலின் கீழ் கிடப்பதுதான் வித்தியாசம்.)

1997இல் 'மிஸ்' என்ற பெண்ணியச் சஞ்சிகை அவரைப் பாராட்டியது. விற்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் புகழ்பெற்ற குழுக்களைவிட அவருக்கு அதிகம் கிடைக்கிறது என்ற கணக்கும் பாராட்டிலே இருந்தது. ஆனி மகிழவில்லை. பகிரங்கக் கடிதம் எழுதினார். பாட்டை விட்டு வருமானத்தை அளந்துவிட்டார்களே என்பது அவருடைய மனத்தாங்கல். நான் அவர் பக்கம்தான். இலாபம் வந்ததால் நிய்யத் கெட்டுவிடாது. நிய்யத் சரி என்பதற்கு இலாபம் சாட்சியுமாகாது. வணிகத்தை இழிவாகக் கருதாத சமூகம் நம்முடையது. அதனாலேயே இந்த வேறுபாட்டை நாம் அடிக்கடி தவறவிடுகிறோம்.

கதை அங்கே நிற்கவில்லை. 2013இல் பாட்டெழுதும் பயிற்சி முகாமொன்றை லூசியானாவின் நொட்டோவேயில் நடத்துவதாக அறிவித்தார். அடிமைகளைக் கொண்டு கரும்பு விளைவித்த பழைய தோட்டம் அது; அப்போது உல்லாச விடுதியாக இருந்தது. கறுப்பினப் பெண்ணியவாதிகள் உட்படப் பலர் கொதித்தெழுந்தனர். முகாமை இரத்துச் செய்த அறிக்கையோ தன் நல்ல நோக்கத்தை விளக்குவதிலேயே நீண்டது. கோபம் இன்னும் கூடியது. 2014 தொடக்கத்தில்தான் சுருக்கமான மன்னிப்பு வந்தது.

கணக்கைப் பார்க்காதீர்கள், உள்ளத்தைப் பாருங்கள் என்று சொல்ல 1997இல் அவருக்கு நியாயமிருந்தது. இங்கே உள்ளத்தைத் திறந்து காட்டியும் போதவில்லை. அந்த மண்ணில் உழைத்து மடிந்தவர்களின் சந்ததிக்கு அவருடைய நிய்யத் எதற்கு? அது அவருக்கும் படைத்தவனுக்கும் இடையிலானது. அவர்கள் முன்னே கிடந்தது செயல் மட்டுமே. தான் சம்மதித்தபோது இடம் எதுவென்று தெரியாது, ஏற்பாட்டாளர் வேறொருவர் என்றும் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கம்பனிப் பாடகரென்றால் ஒருவேளை எடுபட்டிருக்கும்; அந்த வாசலை அவர் 1990இலேயே அடைத்துவிட்டிருந்தார்.