உரையாசிரியர் இல்லாத வாசகன்

கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் முதலாண்டு மாணவர்களிடமிருந்து அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "சார், நான் சரியாத்தான் எழுதியிருக்கேன், அதுக்குத்தான் புரியல." திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு எரர் நிற்கும். இல்லாவிட்டால் எரரே இல்லாமல் தப்பான விடை ஒன்று நிற்கும். ஆசிரியர் இரண்டு வரியைத் திருத்திவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விடுவார். நாற்பது பேருக்கு ஒரே ஆசிரியர் என்றால் வேறென்ன செய்வது? ஆனால் அந்த மாணவரின் புகாருக்குள் பழைய தத்துவச் சண்டை ஒன்று இருக்கிறது. ஒரு வாக்கியத்தின் பொருள் எங்கே குடியிருக்கிறது? சொன்னவரின் மனத்திலா, சொல்லப்பட்ட சொற்களிலா?

ராய் பீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல், நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் செய்யும் பிழைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்தக் கணினி மொழியில் கற்றாலும் சில பிழைகள் மாறாமல் வருகின்றன. அவற்றுக்கெல்லாம் தாய்ப்பிழை ஒன்று உண்டு என்பது அவர் முடிவு. அதற்கு அவர் இட்ட பெயர் 'சூப்பர்பக்'. கணினி மொழிக்குள் எங்கோ ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நாம் அரைகுறையாகச் சொன்னாலும் அது நம் கருத்தைப் பிடித்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கைதான் அது. அப்படி ஒரு மனம் இருக்கிறது என்று மாணவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் எழுதும் நிரல்தான் அதைச் சொல்கிறது.

இதே காலத்தில் ஜெஃப்ரி போனார், எலியட் சோலோவே என்ற இருவர் லூப் எழுதுகிறவர்களைக் கவனித்தார்கள். ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சில வரிகளைத் திரும்பத் திரும்பச் செய் என்பது லூப். நிபந்தனை பொய்யான அந்தக் கணமே கணினி நின்றுவிடும் என்று பல மாணவர்கள் நம்பினார்கள். உண்மையில், ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் இடத்தில் மட்டும்தான் கணினி நிபந்தனையைப் பார்க்கிறது. மாணவர்களின் எதிர்பார்ப்பும் நியாயமானதுதான். "பால் பொங்கும்வரை பார்த்துக்கிட்டே இரு" என்று அம்மா சொன்னால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுப்படியை எட்டிப்பார்த்தால் போதும் என்று எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்வதில்லை. அம்மா சொல்லாமல் விட்டதைப் பிள்ளை நிரப்பிக்கொள்கிறது.

இந்த நிரப்புதலைப் பற்றி இந்தியத் தர்க்கவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். சொற்கூட்டம் ஒன்று பொருள் தரும் வாக்கியமாக நிற்க என்னென்ன வேண்டும் என்று நியாய மரபு பட்டியல் போட்டது. முதலாவது ஆகாங்க்ஷை: ஒரு சொல் அடுத்த சொல்லை வேண்டி நிற்க வேண்டும். 'பசு, குதிரை, மனிதன், யானை' என்று அடுக்கினால் வாக்கியம் ஆகாது. இரண்டாவது யோக்யதை: பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 'நெருப்பால் நனை' என்றால் இலக்கணம் சரி, பொருள் ஒட்டாது. மூன்றாவது சந்நிதி: சொற்கள் அருகருகே வர வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய 'தர்க்க சங்கிரகம்' இந்த மூன்றையும் தொடக்க மாணவர்களுக்காகச் சுருக்கித் தருகிறது.

இதுவரை பைதான் என்ற கணினி மொழியும் அன்னம்பட்டரும் ஒரே கட்சி. அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பைதான் நின்றுவிடும். அது ஆகாங்க்ஷைக் குறை. எண்ணோடு எழுத்துச் சரத்தைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். அது நெருப்பால் நனைக்கிற கதை. நியாய நூல்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பதுண்டு: தாத்பர்யம், அதாவது சொல்பவரின் கருத்து. அங்கேதான் வழி பிரிகிறது. 'சைந்தவம் கொண்டு வா' என்பது அவர்களுடைய புகழ்பெற்ற உதாரணம். சைந்தவம் என்றால் உப்பு, குதிரை இரண்டும்தான். சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டால் உப்பு. பயணத்துக்குக் கிளம்பியவர் கேட்டால் குதிரை. கேட்டவர் உட்கார்ந்திருக்கிறாரா, கிளம்பிவிட்டாரா என்று கணினி பார்ப்பதில்லை. பார்க்க அதற்குக் கண் இல்லை என்பதைவிட, பார்க்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது என்பதுதான் சரி.

எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் மீமாம்சகர்கள். வேதத்துக்கு ஆசிரியர் இல்லை, மனிதரும் இல்லை கடவுளும் இல்லை என்பது அவர்கள் கொள்கை. ஆசிரியரே இல்லாத நூலில் ஆசிரியர் கருத்தை எங்கே போய்த் தேடுவது? ஆகவே வாக்கியத்திலிருந்தே பொருளைக் கறந்தாக வேண்டும் என்று, விதிகளை விளக்கும் ஒரு பெரிய சாஸ்திரத்தையே அவர்கள் கட்டினார்கள். இயந்திரம் நிரலைப் படிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். எழுதியவர் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாலும் அதற்கு அவர் இல்லாதவரே. ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதும் அல்ல. மீமாம்சகர் யோசிக்கத் தெரிந்த வாசகர். இரண்டு விதிகள் முட்டிக்கொண்டால் எதற்கு எது அடங்கும் என்று ஆராய்வார். நம் தொல்காப்பியரும் அப்படிப்பட்ட வாசகரை நம்பித்தான் பல இயல்களின் கடைசியில் புறநடைச் சூத்திரம் வைத்தார். சொல்லாமல் விடுபட்டவற்றையும் சொன்னவற்றோடு பொருந்த அறிந்து கொள்க என்பது அதன் சாரம். மிச்சத்தை உரையாசிரியர்களான இளம்பூரணரும் சேனாவரையரும் பார்த்துக்கொண்டார்கள். நிரலுக்குப் புறநடை எழுத முடியாது. 'மற்றவற்றையும் இப்படியே பார்த்துக்கொள்' என்று ஒரு வரி எழுதி எந்தக் கணினியையும் ஓட்டிவிட முடியாது.

இவ்வளவுதான் விஷயம் என்றால், மாணவர் மனத்தில் சரியான கருத்து இருந்தது, அதைச் சொல்லத் தெரியவில்லை, பயிற்சியில் சரியாகிவிடும் என்று முடித்துவிடலாம். பெரும்பாலான பாடநூல்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் அந்தக் கருத்து முதலிலேயே மனத்தில் முழுசாக இருந்ததா என்பதே சந்தேகம்.

தொடக்கப் பாடங்களில் தவறாமல் வரும் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா என்று சொல்லும் நிரல். மாணவர் முதலில் எழுதுவது ஒரே வரி. ஆண்டை 4ஆல் வகுத்தால் மீதி பூஜ்யமா? ஆம் என்றால் லீப். 2024 கொடுத்தால் ஆம், 2023 கொடுத்தால் இல்லை. ரன் ஆகிறது, மகிழ்ச்சி. பக்கத்து மாணவர் 1900ஐக் கொடுத்துப் பார்க்கிறார். ஆம் என்கிறது நிரல். காலண்டரோ 1900இல் பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்கிறது. சரி, 100ஆல் வகுபட்டால் லீப் இல்லை என்று இன்னொரு வரி சேர்க்கிறார். இப்போது 1900 சரியாகிவிட்டது. ஆனால் இதுவரை சரியாக இருந்த 2000 கெட்டுப்போய்விட்டது. அது லீப் ஆண்டுதான், 400ஆல் வகுபடுகிறதே.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் நிரல் 2000ஐப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் சொன்ன காரணம் தப்பு. அந்த நிரல் எழுதியவருக்கு 2000 லீப் ஆண்டு என்பது 'தெரியும்' என்று சொல்லலாமா? எட்டாம் நூற்றாண்டில் பௌத்தத் தர்க்கவாதி தர்மோத்தரர் இப்படி ஒரு சிக்கலைச் சொல்லியிருக்கிறார். இறைச்சி சுட நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. மொய்க்கும் பூச்சிக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்த ஒருவன் அதைப் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவு செய்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவனுக்கு அது அறிவா? 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில் இதே வகைக் கேள்வியைக் கிளப்பியபோது மேற்கத்தியத் தத்துவத் துறைகள் அதிர்ந்தன. இரண்டாவது நிரலில் 2000 தப்பானதுகூட ஒரு விதத்தில் முன்னேற்றமே. சரியான விடையிலிருந்து தப்பான விடைக்கு வந்திருக்கிறார் மாணவர்; ஆனாலும் உண்மைக்கு ஓரடி கிட்டே வந்துவிட்டார்.

400 விதியையும் சேர்த்தால் பாடநூல் கணக்கில் நிரல் முடிந்தது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி, ஈஸ்டர் திருநாள் பருவத்தை விட்டு நழுவிக்கொண்டே போவதைத் தடுக்க அறிவித்த விதி அது. அந்த ஆண்டு அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 என்று ஆனது. ஆனால் கத்தோலிக்க நாடுகள் ஏற்றதை இங்கிலாந்து 1752வரை ஏற்கவில்லை. ஆகவே 1700 லீப் ஆண்டா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய ஜூலியன் காலண்டரில் இருந்த சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயருக்கு அந்தக் குளிர்காலத்தில் பிப்ரவரி 29 வந்தது. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியில் வரவில்லை. (ஆங்கிலேயருக்கு அப்போது சட்டப்படி ஆண்டு பிறப்பதே மார்ச் 25இல்தான். அது தனி வம்பு.) 'லீப் ஆண்டைக் கண்டுபிடி' என்று முதல் வரி எழுதியபோது மாணவர் மனத்தில் இருந்தது சென்னையா, புதுச்சேரியா? இரண்டும் இல்லை. 1700 என்ற எண்ணே இல்லை. அவர் கருத்தில் ஓட்டை இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இடம்வரை கருத்து என்ற ஒன்று நீளவே இல்லை.

தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் ஆஸ்திரியக் கிராமங்களில் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் இறந்தபின் 1953இல் வெளிவந்த 'தத்துவ ஆய்வுகள்' நூலில் ஒரு மாணவன் வருகிறான். இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போகக் கற்பிக்கிறார்கள். ஆயிரம்வரை ஒழுங்காக எழுதுகிறான். அதன்பின் 1004, 1008 என்று போகிறான். ஆசிரியர் பதறுகிறார். நீங்கள் சொன்னதைத்தானே செய்கிறேன் என்கிறான் மாணவன். ஆயிரத்துக்குப் பின் 1002 என்றுதான் நான் அப்போதே நினைத்தேன் என்கிறார் ஆசிரியர். அப்போதே 1000, 1002 என்ற அடியை மனத்தில் எண்ணிப் பார்த்தாரா? இல்லை. அப்படியானால் அந்த நினைப்பு எங்கே இருந்தது? முதல் நிரலைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியில் அந்த ஆசிரியரின் இடத்தில்தான் நிற்கிறார்கள்.

எதைச் செய்ய எப்படிக் கட்டளையிடுவது என்று நமக்குத் தெரியுமோ அதை மட்டுமே இயந்திரம் செய்யும் என்று 1843இல் ஏடா லவ்லேஸ் ஒரு குறிப்பில் எழுதினார். இயந்திரத்துக்கு எல்லை வகுத்த வாக்கியமாகவே எல்லோரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். 'நமக்குத் தெரியுமோ' என்ற பகுதியைக் கொஞ்சம் அழுத்திப் படித்தால், எல்லை மனிதருக்கும் சேர்த்துத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. அதே குறிப்பில் அவர் தந்த பெர்னூலி எண்களின் கணக்கு அட்டவணையிலேயே ஒரு வகுத்தல் தலைகீழாக அச்சாகியிருக்கிறது.

தேர்ந்தவர்களும் தப்பவில்லை. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட்டின் முதல் தலைமுறை ஜூன் (Zune) இசைக் கருவிகள் உறைந்துபோயின. நாள் எண்ணிக்கை 365ஐத் தாண்டினால் ஓர் ஆண்டைக் கழித்துக்கொண்டே போகும் லூப் ஒன்று உள்ளே இருந்தது. லீப் ஆண்டின் 366ஆம் நாளில் கழிக்கவும் வழியில்லாமல், வெளியேறவும் வழியில்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டரி தீரும்வரை காத்திருந்து மறுநாள் திறக்கச் சொன்னார்கள். எக்ஸெல் கதை இதற்கு நேர்மாறு. 1900ஐ அது இன்றுவரை லீப் ஆண்டாகவே கணக்கிடுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழை அது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். இல்லாத பிப்ரவரி 29 ஒன்று உலகத்துக் கணக்குப்பிள்ளைகளின் கோப்புகளில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது சூப்பர்பக் மூடநம்பிக்கை இல்லை என்று தோன்றும் காலம் வந்திருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற கருவியிடம் அரைகுறைத் தமிழில் கேட்டாலே போதும். 4, 100, 400 மூன்றும் சேர்ந்த நிரல் நொடியில் வந்துவிடும். மறைந்திருக்கும் மனம் கிடைத்துவிட்டது போல இருக்கிறது. உண்மையில் கிடைத்தது, இதே கேள்வியை முன்பு கேட்டவர்கள் பலரும் விரும்பிய விடை; அதாவது கூட்டத்தின் தாத்பர்யம். லீப் ஆண்டுக்கு அது போதும். கேட்டவர் மட்டுமே அறிந்த ஒன்றுக்கு, உதாரணமாக ஒரு சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வட்டிக் கணக்குக்கு, அது போதாது. அங்கே தன் கருத்து எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கேட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் முதல் நிரலைக் கையால் எழுதித் திருத்தும்போது வருவது. குறுக்குவழியில் அது வந்ததாகத் தெரியவில்லை.

கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய சி மொழி நூலிலிருந்து, உலகத்துக்கு வணக்கம் சொல்லும் நிரலே முதல் பாடம் என்பது சம்பிரதாயமாகிவிட்டது. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க அது நல்லது. நினைப்புக்கும் சொல்லுக்கும் இடைவெளி விழ அதில் இடமே இல்லாததால், வேறெதற்கும் உதவாது. முதல் நிரல் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வாரத்திலேயே லீப் ஆண்டை எழுதச் சொல்லுங்கள். நிரலை ஓட்டுவதற்கு முன் கரும்பலகையில் 1900, 2000, 1700 என்று மூன்று எண்களை எழுதி, என்ன விடை வர வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் தாளில் எழுதி வாங்குங்கள். தாள்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் உடனே திருத்திவிடாதீர்கள். மாணவர்களை அரைமணி நேரம் சண்டை போட விடுங்கள்.